மல்லிகை முழத்தில் ஒரு நாவல்: பழைய பெங்களூரில் நடக்கும் பெண்–பெண் காதல் மாயக்கதை எழுத முழுமையான வழிகாட்டி

இரண்டு பெண்கள் காதலிக்க வேண்டும். கதை நூறு வருஷத்துக்கு முந்தைய ஊரில் நடக்க வேண்டும். அங்கே கொஞ்சம் மாயமும் குறும்பும் வேண்டும், கடைசியில் இருவரும் சேர்ந்து வாழவும் வேண்டும். இத்தனையும் ஒரே நாவலில் கேட்கும் வாசகர்கள் தமிழில் இருக்கிறார்கள். எழுதத் தொடங்கும் பலர் இருபதாவது அத்தியாயத்தில் நின்றுபோகிறார்கள். வரலாறு ஒரு பக்கமும் மாயம் ஒரு பக்கமும் காதல் இன்னொரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு போவதுதான் காரணம். மூன்றையும் ஒரே பொருளில் கட்டினால் இந்தச் சிக்கல் வராது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கட்டுமானத்தைப் பற்றியது. பெங்களூர்த் தமிழர்களின் 1905ஆம் வருஷத்தை வைத்து ஒரு மாதிரிக் கதையைக் கட்டிக்கொண்டே போவோம். அதில் உங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: வருஷத்தையும் தெருவையும் முடிவு செய்தல்

"வெள்ளைக்காரன் காலம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள். பெங்களூரில் கதைக்கு ஏற்ற வருஷங்கள் சில உண்டு. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் படை இங்கே இடம் மாறியது. அந்தப் படையைச் சுற்றித்தான் தண்டு (கன்டோன்மென்ட்) வளர்ந்தது; ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. 1876 முதல் 78 வரை பெரும்பஞ்சம். தமிழில் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். 1898 ஆகஸ்டில் பிளேக் வந்தது. ஊரும் தண்டும் சேர்த்து 1891இல் 1,80,366 பேர் இருந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் அது 1,59,046. கலகலப்பான கதைக்குப் பஞ்சமும் பிளேக்கும் நேரடிக் களமாக ஒத்துவராது. நினைவாக வரலாம், ஒரு பாத்திரத்தின் வீட்டில் இரண்டு கட்டில்கள் காலியாகக் கிடப்பதற்குக் காரணமாகலாம்.

1905 நல்ல வருஷம். ஆகஸ்ட் 5ஆம் தேதி, சிவசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரத்தால் பேட்டையில், அதாவது பழைய ஊரில், தெருவிளக்கு எரிந்தது. ஐந்தே மாதத்தில், 1906 ஜனவரி 1 முதல், இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம் வந்தது. அது அதுவரை தென்னாட்டு ரயில்கள் ஓடிய மெட்ராஸ் நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னால். வெளிச்சம் மாறுகிறது, மணியும் மாறுகிறது. மாயக்கதைக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது.

அடுத்தது தெரு. அந்தக் காலத்துப் பெங்களூர் இரண்டு ஊர். பேட்டை மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. தண்டு பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆளுகைக்கு உட்பட்டது. இரண்டுக்கும் நடுவே கப்பன் பார்க். இங்கே ஒரு போலீஸ், அங்கே வேறு போலீஸ். 1894இல் மைசூர் ராஜ்யம் எட்டு வயதுக்குக் குறைந்த பெண் குழந்தைகளின் கல்யாணத்தைத் தடை செய்தது. அது மைசூரின் சட்டம். நம் இலக்கியத்தில் தலைவி வீட்டைவிட்டுத் தலைவனோடு போவது உடன்போக்கு. இங்கே உடன்போக்குக்குப் பாலைநிலம் தேடிப் போக வேண்டியதில்லை. மார்க்கெட்டிலிருந்து அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு ஏறக்குறைய நாலு மைல், ஒன்றரை மணி நேர நடை. அதற்குள் அரசாங்கமே மாறிவிடும்.

தகவல் தேடல் இரண்டு மாதத்துக்குமேல் நீளக் கூடாது. ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியரின் 1897 பதிப்பு ஊர், தொழில், சாதி, விளைச்சல் எல்லாவற்றுக்கும் முதல் துணை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தக் காலத்து அச்சு நூல்கள் படமாகவே கிடைக்கின்றன. சொல் சந்தேகத்துக்கு 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதி. அதில் இருக்கும் சொல்லை 1905இல் ஒருத்தி பேசலாம். இல்லாத சொல்லை ஒருமுறை சோதித்துவிட்டுப் பேசவிடுங்கள்.

இரண்டாம் படி: மூன்று வேலை செய்யும் ஒரு பொருள்

நாவலின் வெற்றி தோல்வி இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது அந்த ஊரில் அந்த வருஷத்தில் உண்மையாகவே புழங்கியிருக்க வேண்டும். மாயம் அதில் குடியிருக்க இடம் வேண்டும். இரண்டு பெண்களின் கையும் அதில் பட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். வாளும் கிரீடமும் இரண்டாவதில் தேறும், மூன்றாவதில் தோற்கும். வளையல் ஓரளவு தேறும். பேட்டையில் வளையல் கடைகளுக்கென்றே பளேபேட்டை என ஒரு தெரு உண்டு. நம் மாதிரிக் கதைக்கு மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொள்வோம்.

சரம் எப்படிக் கட்டப்படுகிறது என்று முதலில் பாருங்கள். வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துக்கொள்வார்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து நாரைச் சுற்றி ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை ஒரு முழம். மொட்டை விடிந்ததும் பறிப்பார்கள், பொழுது சாய்ந்ததும் அது விரியும், மறுநாள் காலையில் வாடிவிடும்.

இப்போது மாயத்தின் விதி. கட்டுபவள் மனசுக்குள் சொல்லும் சொல் முடிச்சில் தங்கும். ஒரு முடிச்சுக்கு ஒரு சொல். மொட்டு விரியும்போது அந்தச் சொல் வெளியே வரும், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். நெருக்கமாகக் கட்டினால் முழத்துக்கு 40 முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு முழத்தில் 40 சொல்தான் பேசலாம். நாவலில் வரும் ஒவ்வொரு பூச்சரக் கடிதத்தையும் இந்த அளவுக்குள் எழுதுங்கள். விரல் விட்டு எண்ணுங்கள். அரை முழச் சரம் ஒன்று, 20 சொல்:

"கிணத்துல தண்ணி சேந்தப் போனேன் உள்ள வானம் இருந்துச்சு கலைக்க மனசில்ல வாளிய அப்படியே வச்சிட்டு வந்துட்டேன் இப்ப வீட்ல தண்ணி இல்ல நீ வந்து சேந்து"

எண்ணிப் பாருங்கள், சரியாக 20 இருக்கும். இந்த வேலையை ஒவ்வொரு சரத்துக்கும் செய்யுங்கள். விதியை எழுத்தாளர் மீறினால் வாசகர் கட்டாயம் எண்ணிக் கண்டுபிடிப்பார்.

விதிக்கு விலையும் வேண்டும். இங்கே விலை பூவிலேயே இருக்கிறது. எந்தக் கடிதமும் ஓர் இரவுக்குமேல் நிற்காது. திரும்பப் படிக்க வழியில்லை. மல்லிகை கோடையில் கொட்டும், மார்கழிக் குளிரில் கிடைக்காது. ஆகவே டிசம்பரில் இருவருக்கும் பேச வழியே இல்லை. பிரிவை உண்டாக்க வில்லனைக் கூப்பிட வேண்டாம், பருவமே பிரிக்கும். வரலாறு எங்கே வந்து ஒட்டுகிறது என்றால், மொட்டு விரிவது வெளிச்சம் மங்குவதைப் பார்த்துத்தான். மார்க்கெட்டில் மின்விளக்கு எரிந்த இரவிலிருந்து பேட்டைப் பூக்களுக்குப் பொழுது தெரியவில்லை. சில மொட்டுகள் விரிய மறுக்கின்றன. சில கூடையிலேயே விரிந்து, ரகசியத்தைத் தெருவில் கொட்டிவிடுகின்றன. ஆகஸ்ட் 5 இப்போது பாடப்புத்தகத் தேதியாக நில்லாமல், காதலுக்கு நேர்ந்த ஆபத்தாகிவிட்டது.

மூன்றாம் படி: இரண்டு பெண்கள், அவர்களுக்கு ஒரு கூரை

அழகை வர்ணிக்குமுன் ஒவ்வொருத்தியின் பிழைப்பையும் எழுதுங்கள். முனியம்மா, 26 வயது. லால்பாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பூ எடுத்துப் பேட்டையிலும் தண்டிலும் விற்பவள். கட்டிக்கொண்டவன் கோலார் தங்கவயலுக்குப் போய்த் திரும்பவில்லை. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் முதலில் போனதும் அந்தத் தங்கவயலுக்குத்தான். அவளுக்கு மின்சாரத்தின் மேல் கோபம் இருக்க இதுவே போதும். கமலாட்சி, 28 வயது. அல்சூரில் முதலியார் வீட்டு விதவை. அவளுக்கென்று ஒரு சின்ன வீடும் திண்ணையும் உண்டு.

விதவை பூ வைக்கக் கூடாது. ஆகவே கமலாட்சி வாங்கும் ஒவ்வொரு முழமும் சாமி படத்துக்கு என்று சொல்லித்தான் வாங்கப்படும். சரம் பேசி முடிக்கும்வரை அவள் படத்தருகே நின்று கேட்பாள். வீட்டார் பக்தி என்று நினைப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் தன் தலையிலேயே பூ வைத்துக்கொள்ளும்போது வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. இப்படி ஒரு தடையை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டு, முப்பதாவது வரை தொடாமல் காத்திருங்கள்.

முடிவு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது இந்த வகை நாவலின் ஒப்பந்தம். ஒருத்தி கிணற்றில் விழுவது, இன்னொருத்தி காசிக்குப் போவது இரண்டும் ஒப்பந்த மீறல். அன்றைக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ வழி இருந்ததா என்றால் இருந்தது. சொந்த வீடுள்ள விதவையும் குடக்கூலிக்கு இருப்பவளும், மிஷன் பள்ளியில் ஒரே குவார்ட்டர்ஸில் தங்கும் இரண்டு வாத்தியாரம்மாக்கள், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியும் கூடமாட உதவுபவளும், நாடகக் கம்பெனியில் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும் இருவர் எனப் பல வழிகள். இவற்றில் ஒன்றை எழுதத் தொடங்குமுன்பே முடிவு செய்யுங்கள். நம் கதையில் முனியம்மா அல்சூர் வீட்டுத் தாழ்வாரத்துக் குடித்தனக்காரி ஆகிறாள்.

ஆபத்து எங்கிருந்து வரும் என்பதிலும் துல்லியம் வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 1862 முதல் அமலில் இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதன் பிடியிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. ஆனால் பெண்–பெண் உறவை அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 1905இல் இந்த இருவரைத் தேடிப் போலீஸ் கதவைத் தட்டும் காட்சி நம்பும்படி இருக்காது. சொத்தில் கண் வைத்த கொழுந்தன், ஜீவனாம்சத்தை நிறுத்துவதாக மிரட்டும் மாமனார், "பூக்காரிக்கு உள்கட்டில் என்ன வேலை" என்று கேட்கும் அண்டைவீட்டுக்காரி, இவர்கள்தான் ஆபத்து. சாதியும் அப்படித்தான். முனியம்மா எந்த வாசல் வழியே வருகிறாள், எந்தச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறாள் என்பதை எழுதாமல் காதலை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். கதை குறும்பாக இருப்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. புழக்கடைக் கதவு ஒருநாள் முன்வாசலாக மாறுவதே ஒரு நல்ல அத்தியாயம்.

நான்காம் படி: திணையை வைத்து அத்தியாயம் பிரித்தல்

முதல் நாவலுக்கு 60,000 சொல் நல்ல அளவு. அத்தியாயத்துக்கு 2,000 வீதம் 30 அத்தியாயம். தமிழில் உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கில நாவல்களின் சொல் எண்ணிக்கையை எட்டப் பார்த்தால் கதை ஊளைச்சதை போடும்.

வடிவத்துக்காக வெளியே தேடிப் போக வேண்டாம். அகத்திணையே காதல் கதையின் அடுக்கு: குறிஞ்சியில் கூடல், முல்லையில் காத்திருத்தல், மருதத்தில் ஊடல், நெய்தலில் இரங்கல், பாலையில் பிரிவு. முதல் 5 அத்தியாயம் குறிஞ்சி. சந்திப்பும் முதல் சரமும். அடுத்த 8 முல்லை. முல்லையின் பொழுது மாலை. மொட்டு விரியும் நேரமும் அதுவே. காதல் மெல்ல ஊறும் பகுதி இது என்பதால் மிக நீளமாக இருக்கலாம். அடுத்த 6 மருதம், மின்விளக்கு வந்து சொற்கள் சிதறி, தப்பர்த்தம் உண்டாகும் பகுதி. அதற்கடுத்த 6 பாலை, பூவில்லாத மார்கழி. கடைசி 5இல் மீண்டும் சேர்தல். நெய்தலுக்குத் தனி இடம் தேட வேண்டாம். பெங்களூரில் கடலில்லை, அல்சூர் ஏரிக்கரையில் ஒரு மாலைப்பொழுது போதும்.

தொல்காப்பியம் இன்னொரு கருவியும் தருகிறது. அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது அதன் விதி. அதையே பூச்சரத்தின் விதியாக்குங்கள்: பெயர் மட்டும் முடிச்சில் தங்காது. பெயர் இல்லாத கடிதம் யார் கையில் போனாலும் தனக்கு வந்ததாகவே தோன்றும். ராத்திரி மிச்சப்பூவை மலிவாக வாங்கிப்போகும் ஒரு குமாஸ்தாவின் மனைவிக்கு அந்தக் கிணற்று வானம் கேட்கிறது. இருபது வருஷம் வாய் திறக்காத புருஷன் மனசுக்குள் சொன்னதாக அவள் நம்பிவிடுகிறாள். மறுநாள் அவருக்குத் தட்டில் நெய் அதிகமாக விழுகிறது. குறும்பு என்பது இதுதான். விதியை நேர்மையாகப் பின்பற்றினாலே அது தானாக வரும். பேசும் பூனையையும் தும்மும் பூதத்தையும் தனியாகக் கொண்டுவந்தால், பத்து அத்தியாயத்துக்குப் பிறகு அவற்றுக்கு வேலையிருக்காது. அத்தியாயத்துக்கு ஒரு பக்கவிளைவு போதும்.

தோழிக்கு நம் மரபில் பெரிய இடம் உண்டு. தலைவியின் மனசை அறிந்தவள், குறியிடம் சொல்பவள், கடைசியில் வீட்டாரிடம் உண்மையை எடுத்துச்சொல்லி அறத்தொடு நிற்பவள் அவள். இரண்டு பெண்கள் காதலிக்கும் கதையில் தோழியே காதலி. ஊர் அவர்களைத் தோழிகள் என்கிறது. அது பொய்யும் இல்லை. ஆனால் எழுத்தாளர் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது. "ரொம்ப நெருக்கமான சிநேகிதம்" என்று மழுப்பி முடித்தால் வாசகர் ஏமாந்துபோவார். 13ஆம் அத்தியாயத்துக்குள் இது காதல்தான் என்பது இருவருக்கும் வாசகருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு வேலையும் பாக்கி: அறத்தொடு நிற்க யாராவது வேண்டும். அதை ஒரு கிழவியிடம் கொடுங்கள். பேன் பார்க்க உட்காரும் பாட்டிக்கு எல்லார் சரமும் கேட்டிருக்கும்.

ஐந்தாம் படி: மொழி

தமிழில் நெருக்கத்தை அளக்க ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: நீங்க, நீ, டி. பலர் இதை நேராக இறக்கிக்கொண்டே போவார்கள். முதலில் நீங்க, பிறகு நீ, பிறகு வாடி போடி. நம் இருவருக்கும் அது பொருந்தாது. கமலாட்சி முதல் நாளே "ஏண்டி பூக்காரி, இங்க வாடி" என்பாள். அதில் அன்பு கிடையாது; வீடும் காசும் சாதியும் பேசுகின்றன. முனியம்மா "என்னாங்கம்மா" என்பாள். காதல் தொடங்கும்போது கமலாட்சியின் வாயிலிருந்து அந்த "டி" விழ வேண்டும். ஆறாவது அத்தியாயத்தில் ஒருநாள் "வா" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறாள். முனியம்மா வாயால் "நீங்க" என்பவள், முடிச்சில் மட்டும் "நீ" என்கிறாள். பதினாலாவது அத்தியாயத்தில் கோபத்தில் முனியம்மா முதல்முறையாக "போடி" என்று சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் கமலாட்சிக்கு மறுபடி "வாடி" சொல்லும் உரிமை கிடைக்கிறது. முதல் பக்கத்தில் இருந்த அதே சொல்தான். இப்போது வேறு சொல். ஓரத்தில் ஓர் அட்டவணை வைத்து, எந்த அத்தியாயத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் தவறினாலும் கட்டியது முழுக்க இடிந்துவிடும்.

இரண்டு பெண்கள் இருக்கும் காட்சியில் "அவள்" பெரிய தொல்லை. "அவள் அவள் கையைப் பிடித்தாள், அவள் திரும்பினாள்" என்று எழுதினால் யார் கை, யார் திரும்பினாள் என்றே தெரியாது. இதற்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. எவளுடைய கண் வழியே காட்சி வருகிறதோ அவளை "இவள்" என்று எழுதுங்கள்; மற்றவளை "அவள்" என்று எழுதுங்கள். அத்தியாயம் முழுக்க இதை மாற்றாதீர்கள். "இவள் கையை நீட்டினாள். அவள் கை நார் ஈரத்தோடு வந்து அதில் அடங்கியது." குழப்பமில்லை, பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டியதில்லை. எழுவாயை விட்டுவிட்டு வினையை மட்டும் வைத்தும் எழுதலாம். தமிழ் அதைத் தாங்கும்.

தொடுதலில் வேறொரு சிக்கல். அந்தக் காலத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்ப்பார்கள், தலை பின்னுவார்கள், வளையல் ஏற்றுவார்கள், மருதாணி வைப்பார்கள். எல்லாம் சாதாரணம் என்பதால், இதை மட்டும் எழுதினால் காதல் தெரியாது. வழக்கத்திலிருந்து ஒரு இழை விலக வேண்டும். மூன்று காலில் பின்ன வேண்டிய சடையை ஒருத்தி நாலு காலில் பின்னுகிறாள், கூடக் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று. பின்னிக்கொள்பவளுக்கு அது முதுகில் தெரிகிறது, ஒன்றும் சொல்லவில்லை. இது போதும். முத்தமும் அதற்குப் பிறகானதும் எவ்வளவு தூரம் என்பது உங்கள் விருப்பம். ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்து இடையையும் மார்பையும் வெளியே நின்று வர்ணித்துக்கொண்டிருந்தால், காட்சி அந்த இருவருக்குச் சொந்தமாக இராது. அவள் எதைப் பார்க்கிறாளோ அதை எழுதுங்கள்: நாரை ஈரமாக்க உதட்டில் வைத்திருக்கும் நுனி, மொட்டின் காம்புக் கறை படிந்த கட்டைவிரல் நகம்.

பேச்சுவழக்கில் அளவு முக்கியம். தண்டுத் தமிழில் வடஆற்காட்டுச் சாயலும் கன்னடமும் உருதுவும் கலந்திருக்கும். முனியம்மா "இன்னா" என்பாள், கமலாட்சி "என்ன" என்பாள். பேட்டையில் பூ விற்கும்போது முழம் "மொளா" ஆகிவிடும். பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல் போதும். "அடையாளம்", "பாலினம்", "தன்பாலீர்ப்பு" போன்ற இன்றைய சொற்களை முன்னுரையிலும் பின்னட்டையிலும் தாராளமாக, தலைநிமிர்ந்து எழுதுங்கள். 1905இல் வாழ்பவளின் வாயில் வைக்காதீர்கள். அவளுக்குப் பெயர் தெரியாது, விஷயம் தெரியும்.

ஆறாம் படி: உண்மைகளைச் சோதித்தல்

இங்கே ஒரு சோதனையை நெருங்கிப் பார்ப்போம். ஆகஸ்ட் 5 இரவுக் காட்சியில் "நிலவு வெள்ளமாய்க் கொட்டியது" என்று எழுதத் தோன்றும். 1905 ஆகஸ்ட் 30 அன்று சூரிய கிரகணம். ஆகவே அன்று அமாவாசை. அதிலிருந்து 29½ நாள் பின்னால் போனால் முந்தைய அமாவாசை ஆகஸ்ட் 1 வாக்கில் வரும். அப்படியானால் 5ஆம் தேதி இரவு வளர்பிறையின் இளம்பிறை மட்டும். அதுவும் நடுநிசிக்கு வெகு முன்பே மறைந்துவிடும். கிழமை சனி. தமிழ் மாதம் ஆடி, வருஷம் விசுவாவசு. இவ்வளவும் தெரிந்தபின் காட்சி எவ்வளவு நன்றாகிறது பாருங்கள்: மேலே பிறை இறங்குகிறது, கீழே விளக்கு இறங்க மறுக்கிறது.

காசு விஷயத்தில் 1 ரூபாய்க்கு 16 அணா, 1 அணாவுக்கு 4 பைசா என்பதை மறக்காதீர்கள். நயா பைசா 1957இல்தான் வந்தது. பூவின் விலை உறுதியாகத் தெரியாவிட்டால் தொகையைச் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று விட்டுவிடலாம். நாழிகை 24 நிமிஷம். கமலாட்சி வீட்டில் நாழிகைக் கணக்கு, தண்டு ஸ்டேஷனில் மெட்ராஸ் நேரம். 1906 பிறக்கும் இரவில் மணிகள் 9 நிமிஷம் முன்னே தாண்டுகின்றன. யார் கணக்கிலும் வராத அந்த 9 நிமிஷத்தில் பூவில்லாமலே சொல் கேட்கலாம் என்று உங்கள் மாயம் முடிவு செய்யலாம். பாலையின் கடைசி அத்தியாயம் அங்கே தயாராக நிற்கிறது.

பெங்களூர்க் கரகத் திருவிழாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பேட்டையிலுள்ள தர்மராயர் கோயிலின் கரகம் திகளர் சமூகத்தின் வழிபாடு. மல்லிகையால் மூடிய கரகத்தைப் பெண் கோலத்தில் ஒரு ஆண் சுமந்துவருவதும், வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போவதும் எந்த மாயக்கதைக்காரரையும் இழுக்கும். ஊர்வலம் கடந்துபோகட்டும், முனியம்மா அதற்குப் பூ கட்டட்டும். அந்தப் பூக்களில் மட்டும் எந்தச் சொல்லையும் வைக்க மாட்டாள் என்று எழுதுங்கள். கரகத்தையே உங்கள் விதிக்குள் அடைத்து அர்த்தம் சொல்லப் போனால், ஒரு சமூகத்தின் தெய்வத்தைக் கதைக்கான சாமானாக்கியதாகும்.

ஏழாம் படி: எழுதுதல், திருத்துதல், வெளியிடுதல்

ஒரு நாளைக்கு 500 சொல், வாரத்துக்கு 5 நாள் என்றால் 24 வாரத்தில் முதல் பிரதி முடியும். எழுதும்போது திரும்பிப் படிக்காதீர்கள். பிறகு மூன்று வாரம் மூடிவைத்துவிட்டு மூன்று சுற்றாகத் திருத்துங்கள். முதல் சுற்றில் மாய விதி மட்டும்: சொல் எண்ணிக்கை, பூப் பருவம், விரியும் நேரம். இரண்டாவதில் அழைப்புச் சொற்களும் இவள்–அவள் ஒழுங்கும். மூன்றாவதில் தகவல். ஒரு பத்தியில் இரண்டு வரலாற்றுத் தகவலுக்குமேல் இருந்தால், பாத்திரத்தின் கை படாத தகவலை எடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் தேடியதை நீக்க மனசு வராது. அது தெரிந்த விஷயமே, நீக்கிவிடுங்கள்.

மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். பெண்ணைக் காதலிக்கும் பெண் ஒருவர் கட்டாயம். பூ கட்டத் தெரிந்த ஒருவர். சிவாஜிநகரிலோ அல்சூரிலோ மூன்று தலைமுறையாக இருக்கும் ஒருவர். "நல்லா இருக்கா" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் இவள் இப்படிப் பேச மாட்டாள் என்று தோன்றியது என்று கேளுங்கள்.

தொடராகப் போட வேண்டுமானால் பிரதிலிபி போன்ற தளங்களில் வாரம் இரண்டு அத்தியாயம் என்று 15 வாரம் போகலாம். ஆனால் 30 அத்தியாயமும் கையில் இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். நடுவில் கருத்துகளைப் பார்த்து முடிவை மாற்றினால் முதல் அத்தியாயத்தில் வைத்த பூத்தடை வீணாகும். மின்னூலாக வேண்டுமானால் கிண்டில் தமிழை ஏற்கிறது. யூனிகோடில் எழுதியிருந்தால் போதும். அச்சுக்குப் போகுமுன் அட்டையைப் பற்றிப் பதிப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பூ வைத்த கூந்தலோடு ஒரு பெண்ணின் முதுகை வரைந்துவருவார்கள். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், கமலாட்சி தலையில் கடைசி அத்தியாயத்தில்தான் பூ ஏறுகிறது. ஊறவைத்த வாழைநாரும், கட்டாத மொட்டு நாலும் அட்டைக்குப் போதும்.